கலை அரசியும் விண்வெளிக் காதையும்

பலரும் போற்றக் கேட்டு ஒரு படைப்பினை ஆர்வத்தோடு அணுகிய ஒருவர், மனநிறைவு பெறாது மீளுதல் உண்டு. அங்ஙனம் மீள்வோருள், போற்றினோர் பிழைபட்டனர் என்பர் சிலர். சுவைக்கும் ஆற்றல் தமக்கில்லை என்று அடங்குவர் வேறு சிலர். இவ்விரு முடிபும் ஆய்வினைத் தொடங்குமுன்னரே முடித்துவிடுகின்றன. ஏமாற்றம் என்பது தரப்பட்ட வாக்கொன்று நிறைவேறாமையால் எழுவது. ஆகவே, அவ்வாக்கினைத் தந்தது புகழுரையா, படைப்பேயா என்று வினவுதல் திறனாய்வாளரின் முதற்கடன். இவ்வேறுபாட்டினை விண்வெளிக் காதை என்னும் வகையினைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கோள்விட்டுக் கோள் சென்று காதலும் போரும் நிகழ்த்தும் கதைகளை மேனாட்டார் 'ஸ்பேஸ் ஆப்பரா' என வழங்குவர். 1941இல் எள்ளற்சொல்லாகத் தோன்றிய அப்பெயர், நாளடைவில் இழிவு நீங்கி ஒரு வகைப்பெயராக நிலைபெற்றது. தமிழில் இவ்வகைக்கு அணித்தாக நிற்பது, ஏ. காசிலிங்கம் இயக்கி 1963இல் வெளிவந்த 'கலை அரசி' என்னும் திரைப்படம். யூரி ககாரின் விண்வெளியில் வலம்வந்த 1961ஆம் ஆண்டிற்கு இரண்டாண்டுகளே பிற்பட்டது அது. அறிவியலில் ஓங்கியும் நுண்கலைகளில் வறியதாயும் உள்ள ஒரு வேற்றுக்கோள், அங்கிருந்து வரும் ஒருவன் (எம். என். நம்பியார்) இசைவல்ல வாணியைக் (பி. பானுமதி) கவர்ந்து செல்கின்றான்; அவளைக் காதலிக்கும் உழவன் மோகன் (எம். ஜி. இராமச்சந்திரன்) அக்கோளிற்கே சென்று மீட்கின்றான். வேற்றுக்கோள் மாந்தரைக் காட்டிய முதல் இந்தியப் படம் என்று இன்றும் இதனைப் பாராட்டுவர்.

'முதல்' என்னும் அப்பாராட்டினை முதற்கண் நோக்குவோம். ஒரு படைப்பு தன் வகையில் முந்தியது என்பது வரலாற்றுச் செய்தி. சிறந்தது என்பது திறனாய்வு முடிபு. முன்னதைச் சொல்லிப் பின்னதை உணரவைத்தல் புகழுரையின் இயல்பு. 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' முதல் தமிழ் நாவல் எனப்படுவது. இராசமையரின் 'கமலாம்பாள் சரித்திர'த்தில் காணும் அகநோக்கினை அதன்கண் தேடி வருந்துவாரது வருத்தத்திற்கு வேதநாயகர் பொறுப்பாகார். அவ்வாறே, கலை அரசியின் விண்கலம் எளிய பொம்மையாகத் தோன்றுகின்றது என்று இற்றைநாளில் நகைப்பாரும் நடுவுநிலை தவறியவரே. அத்தகைய காட்சிச் சிறப்பினைப் படம் எவர்க்கும் உறுதியளித்ததன்று.

ஆயின், படமே தந்த வாக்கொன்றும் உண்டு. கலையில்லாத உலகம் எத்தகையது என்னும் வினாவினை எழுப்பியது அப்படமே. அரிய வினா அது. தாலாட்டின்றிக் குழவி துயிலும் வீடும், ஒப்பாரியின்றிப் பிணம் செல்லும் தெருவும் எங்ஙனம் இருக்கும்? இசையே கேட்டறியாத செவியில் முதற்பண் வீழுங்கால் அவ்வுள்ளம் யாதாகும்? இவற்றுக்கு விடை காணவே காண்போர் அக்கோளிற்கு உடன்செல்கின்றனர். சென்றவர் காண்பதோ, அக்காலத்து அரசர் கதைப் படங்களில் பன்முறை கண்ட அரண்மனையே. அங்கே ஒரு கோமாளியும் உளன். மோகன் அவனாக உருமாறியே அரண்மனைக்குள் புகுகின்றான். கோமாளியைப் பேணும் அவை கலையற்ற அவையாதல் யாங்ஙனம்? படத்தின் கருத்தினைப் படமே மறந்த இடம் இது.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு இக்குறையை நன்கு விளக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தினின்று கிளைப்பன கருப்பொருள். இரண்டன் நடுவே விளங்கும் மாந்தர் ஒழுகலாறு உரிப்பொருள். நிலம் மாறின் அதற்கேற்பத் தெய்வமும் உணவும் பறையும் யாழும் மாறும். கலை அரசியில் நிலம் மாறிற்று, கரு மாறவில்லை. கரு மாறாமையின் உரியும் புதிதாகவில்லை. கவர்தலும் மீட்டலுமாகிய பழங்கதையே எஞ்சிற்று.

கலைஞர் செலவினைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கத்தினை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. கூத்தர் ஒருவனைப் புரவலனிடத்து ஆற்றுப்படுத்தும் அந்நூல், பரிசில் பெறுதலை மட்டும் கூறி அமையவில்லை. அதன் பெரும்பகுதி வழியினையே பாடுகின்றது. பன்றிக்கு வைத்த பொறியும், பாம்புறையும் குழியும், புனங்காப்போர் எறியும் கவண்கல்லும், மலையில் எழும் பல்வேறு ஓசைகளும் நிரலே வருகின்றன. ஆதலின், நன்னன் ஊரை அடையுங்கால் தொலைவு கடந்த உணர்வு நமக்கும் உண்டாகின்றது. கலை அரசியில் வாணி கடப்பது கோள்களின் இடைவெளி. எனினும், அடுத்த ஊர் சென்றது போன்ற உணர்வே எஞ்சுகின்றது.

அண்ணாமலையின் அடிமுடி தேடிய கதையும் ஈண்டு நினையத்தக்கது. பன்றியாய் அகழ்ந்த திருமாலும் அன்னமாய்ப் பறந்த நான்முகனும் எல்லை காணாது மீண்டனர். அழற்பிழம்பின் பேரளவு நமக்குப் புலனாவது அவர்தம் தோல்வியினாலேயே. எளிதிற் கடக்கப்படும் பெருவெளி பெருவெளியாகத் தோன்றாது என்பது இக்கதை உணர்த்தும் உண்மை.

பொருள்வளமும் கருவியும் குறைந்த காலத்துப் படம் என்று விடையிறுப்பாரும் உளர். அவர்க்கு, வளம் மிக்க பிறிதொரு படைப்பினைக் காட்டுவோம். தனகா யோஷிகி 1982 முதல் 1987 வரை பத்துத் தொகுதிகளாக எழுதிய நாவலைத் தழுவி, 1988 முதல் 1997 வரை 110 பகுதிகளாக வெளிவந்த ஜப்பானிய அனிமே 'கிங்கா எய்யூ தென்செட்சு'. விண்மீன் மண்டல வீரர் வரலாறு என அப்பெயரைப் பொருள்கொள்ளலாம். உலகெங்கும் போற்றப்படும் இத்தொடரும் ஏமாற்றம் தரக்கூடும். விண்வெளி வியப்பினை நாடிச் செல்வார் காண்பது, நிலப்படை போல் அணிவகுத்த கலங்களும் அறையில் அமர்ந்து நெடிது உரையாடும் தலைவர்களுமே. எனினும், இவ்வேமாற்றம் வேறுவகையினது. திறம்மிக்க தனியாட்சி சிறந்ததா, சீர்கெட்ட மக்களாட்சி சிறந்ததா என்பதே அத்தொடர் எழுப்பிய வினா. ரைன்ஹார்ட், யாங் வென்லி என்னும் இருவரையும் எதிரெதிர் நிறுத்தி, இறுதிவரை அவ்வினாவை அது கைவிடவில்லை. முதற்பொருள் மெலிந்தும் உரிப்பொருள் காத்தது அது. ஆண்டுப் பிழைத்தது காண்போர் எதிர்பார்ப்பு. கலை அரசியிலோ, வினாவினை எழுப்பிய படைப்பே அதனைக் கைவிட்டது. தன் வினாவின்கண் நிலைத்து நிற்றற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மலைபடுகடாத்தின் ஆசிரியர்க்குச் சொல்லன்றி வேறு கருவி இல்லை.

இவ்வேறுபாடு திரைப்படத்தோடு அமைவதன்று. தொன்மை, முதன்மை, பெருமை என்னும் சொற்களை முன்னோர் உரைத்தவாறே எடுத்துரைத்து அமையும் ஆய்வுகள் நம் துறைகளிலும் மிகுதி. அவற்றை நம்பி நூலைத் திறக்கும் மாணவர் ஏமாற்றம் அடைவராயின், அதனை வெளியிட அஞ்சுவர். அஞ்சியவர் நாளடைவில் கற்றலையே கடனாகக் கழிப்பர். ஏமாற்றத்தை மறைத்தல் வேண்டா. அதன் வேர் புகழுரையில் உளதா, படைப்பில் உளதா என ஆராய்ந்து உரைத்தல் வேண்டும். அங்ஙனம் உரைப்பின் கலை அரசிக்கும் இழுக்கில்லை. அது எழுப்பிய வினா இன்றும் விடையின்றி நிற்கின்றது; அதனை மீண்டும் எடுத்து நிறைவிக்கும் தமிழ்ப் படைப்பாளர்க்கு அப்படம் நல்லதொரு தொடக்கமாகும்.