சரிவின் கணக்கு

திருவொற்றியூரில் தரை கடல்மட்டத்தை ஒட்டிய சமதளம். வடசென்னை கொண்டாடும் கேரமோ அதைவிடச் சமம். பவுடர் தூவிய பலகையில் காய் நேர்க்கோட்டில் ஓடும். கோல்ஃபின் ருசி இதற்கு நேர் எதிர். அது மேடுபள்ளத்தில்தான் பிறக்கிறது என்பேன். 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 7,000 அடிக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. அங்கே பந்து பாதத்தைவிட மேலே கிடந்தால் வலக்கை ஆட்டக்காரரின் அடி இடப்பக்கம் வளையும். கீழே கிடந்தால் வலப்பக்கம். ஏற்றம் தூரத்தைத் தின்னும், மெலிந்த மலைக்காற்று அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். இத்தனையையும் கூட்டிக் கழித்துத்தான் நாலேகால் அங்குலக் குழியை நெருங்க வேண்டும். கையைவிடக் கண்ணுக்குத்தான் அங்கே வேலை அதிகம்.

சரிவு திறமையை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்கிறது என்பார்கள். அப்படியல்ல. சரிவு ஒளிந்திருப்பதில்லை, புல்லின் சாய்வையும் மழைநீர் வழியும் திசையையும் பார்ப்பவருக்கு அது முன்கூட்டியே தெரியும். நல்ல அடி ஒன்றிரண்டு தவறாகத் துள்ளலாம். பதினெட்டுக் குழி முடிவதற்குள் நிலத்தைப் படித்தவர் முந்திவிடுவார். இது வசதி படைத்தவர்களின் விளையாட்டு, தண்ணீரும் நிலமும் ஏராளமாகக் கேட்பது என்ற குறை மட்டும் உண்மை. அது வேலியின் குற்றம். மலையின் வளைவு வேலி போடுவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தது.