சுறா மழையும் 33 நிமிடமும்

2005-ம் வருடம் ஜூன் 29-ம் தேதி ஸ்பீல்பெர்க்கின் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' அமெரிக்காவில் ரிலீஸ் ஆனது. டாம் க்ரூஸ், 13 கோடி டாலர் பட்ஜெட், திரும்பின பக்கமெல்லாம் போஸ்டர். அதற்கு முதல் நாளே, 28-ம் தேதி, அங்கே வீடியோ கடை அலமாரிகளில் அதே பெயரில் ஒரு டிவிடி வந்து உட்கார்ந்துகொண்டது. இதில் டாம் க்ரூஸ் கிடையாது. சி. தாமஸ் ஹவெல் என்று ஒருவர். 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.'யில் சைக்கிள் ஓட்டிய பையன்களில் ஒருவராக வந்தவர். வளர்ந்து, பழைய டைரக்டருக்கே போட்டியாக வந்து நின்றார்.

எடுத்தவர்கள் 'தி அசைலம்' என்ற கலிஃபோர்னியா கம்பெனி. 1997-ல் தொடங்கியது. சட்டப்படி இதில் தப்பே இல்லை. மூலக்கதை ஹெச்.ஜி. வெல்ஸ் 1898-ல் வெளியிட்ட நாவல். அமெரிக்காவில் அதன் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. நீங்களும் எடுக்கலாம், நானும் எடுக்கலாம். வாடகை டிவிடி உலகின் பெரியண்ணனாக இருந்த பிளாக்பஸ்டர் ஒரு லட்சம் பிரதி ஆர்டர் கொடுத்ததாக அசைலம்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அவர்கள் கனவிலும் காணாத எண்ணிக்கை. அன்றைக்கு அவர்களுக்கு ஞானோதயம். கதை தேடி அலைய வேண்டாம், பெரிய ஸ்டுடியோக்களின் ரிலீஸ் காலண்டர் ஒன்று இருந்தால் போதும்.

அப்புறம் வரிசையாக வந்தன. 'ஸ்நேக்ஸ் ஆன் எ ப்ளேன்' வருகிறதா, இதோ 'ஸ்நேக்ஸ் ஆன் எ ட்ரெய்ன்'. விமானத்துக்கு பட்ஜெட் இல்லை, ரயிலுக்கு இருந்தது. 'டாவின்சி கோட்' வருகிறதா, 'டாவின்சி ட்ரெஷர்'. 2007-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வருவதற்குச் சில நாள் முன்னால் 'டிரான்ஸ்மார்ஃபர்ஸ்'. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுக் கடைக்குப் போகும் தாத்தாக்களை நம்பித் தொடங்கப்பட்ட தொழில் இது. 'மாக்பஸ்டர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். வித்தியாசம், இந்தப் பூனைக்குச் சூடு வலிக்கவில்லை. நல்ல லாபம்.

ஒரு தடவை சூடு உறைத்தது. 2012-ல் பீட்டர் ஜாக்சனின் 'ஹாபிட்' வரும் சமயம் 'ஏஜ் ஆஃப் த ஹாபிட்ஸ்' என்று ஒன்றை ரெடி செய்தார்கள். வார்னர் பிரதர்ஸ் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. பொதுவான தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால், 'ஹாபிட்' என்கிற வார்த்தையே ட்ரேட்மார்க். கடைசியில் படம் வேறு பெயரில் வந்தது.

சரி, இந்த மாதிரி ஜிகினா வேலைகளால்தான் டி.வி.யில் நல்ல விஞ்ஞானக் கதைத் தொடர்கள் செத்துப்போயின என்று சொல்வோர் உண்டு. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் கேஸ் அத்தனை சுலபமில்லை.

அமெரிக்காவில் விஞ்ஞானக் கதைக்கென்றே ஒரு கேபிள் சேனல், 'ஸைஃபை', 1992 செப்டம்பர் 24-ல் ஆரம்பமானது. அதன் ஆலோசகர்களாக ஐசக் அஸிமாவ், 'ஸ்டார் ட்ரெக்' படைத்த ஜீன் ராடன்பெர்ரி இருவரும் இருந்தார்கள். சேனல் கண் திறப்பதற்குள் இருவருமே காலமாகிவிட, முதல் நாள் ஒளிபரப்பு அவர்கள் நினைவுக்குச் சமர்ப்பணம் ஆனது. அத்தனை பக்தியோடு பிறந்த குழந்தை. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவும் வளர்ந்தது. 'ஃபார்ஸ்கேப்', பிற்பாடு 'ஸ்டார்கேட்'. 2003 டிசம்பரில் எல்லாவற்றுக்கும் மகுடமாக 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா'.

1978-ல் வந்த 'பேட்டில்ஸ்டா'ரே 'ஸ்டார் வார்ஸ்' அலையில் மிதந்துவந்த ஒரு சரக்கு. அப்பட்டமான காப்பி என்று கோர்ட் வரை இழுத்தார்கள். அந்தப் பழைய சட்டையை எடுத்து ரொனால்ட் டி. மூர் புதிதாகத் தைத்தார். மனிதன் படைத்த இயந்திரங்களே மனித குலத்தை அழித்துவிட, மிச்சமிருக்கும் ஐம்பதாயிரம் சொச்சம் பேர் கப்பல்களில் ஓடுகிறார்கள். தொடரின் முதல் எபிசோடு பெயர் '33'. ஒவ்வொரு 33 நிமிடத்துக்கும் எதிரி வந்துவிடுகிறான். தப்பிக் குதிக்கிறார்கள். மறுபடி 33 நிமிடம், மறுபடி எதிரி. ஐந்து நாளுக்கு மேலாக யாருக்கும் தூக்கமில்லை. கண்ணெல்லாம் சிவந்து, கை நடுங்கி, வாய் குழறி... கூட வந்த பயணிகள் கப்பல் ஒன்றின் மேல் சந்தேகம் எழுகிறது. உள்ளே ஆயிரம் பேருக்கு மேல் இருக்கலாம், ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். சுடுவதா, விடுவதா? அமெரிக்கா ஈராக்கில் இருந்த காலத்தில் அமெரிக்க டி.வி.யில் இந்தக் கேள்வி. 2005-ல் அந்த எபிசோடுக்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. இத்தனைக்கும் அதில் பிரமாண்டம் ரொம்பக் கம்மி. ஒரு சுவர்க் கடிகாரம், தூங்காத முகங்கள். அவ்வளவுதான்.

ஆக, காசுதான் பிரச்னை என்ற வாதம் முதல் ரவுண்டிலேயே அவுட். இன்னும் பின்னால் போனால், ராட் செர்லிங்கின் 'ட்வைலைட் ஸோன்'. அதில் 1960-ல் ஒரு எபிசோடு. ஒரு சாதாரணத் தெரு. திடீரென்று கரன்ட் போய்விடுகிறது. ஒரு வீட்டில் மட்டும் கார் தானாக ஸ்டார்ட் ஆகிறது. 'இவன்தான் வேற்றுக்கிரகத்து ஆளோ?' அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் சந்தேகித்து, ராத்திரிக்குள் துப்பாக்கி எடுத்துவிடுகிறார்கள். வேற்றுக்கிரகவாசிகள் தூரத்துக் குன்றில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மனிதனை அழிக்க ஆயுதம் எதற்கு, விளக்கை அணைத்தால் போதும். ஒரு தெரு, நாலைந்து வீடு, ஒரு ஸ்விட்ச். மிச்சமெல்லாம் எழுத்து.

காப்பி அடிப்பதுதான் குற்றமா? அதுவும் இல்லை. மலிவுப் படங்களின் மகாராஜா ரோஜர் கார்மன், 'ஸ்டார் வார்ஸ்' ஓடுவதைப் பார்த்து 1980-ல் 'பேட்டில் பியாண்ட் த ஸ்டார்ஸ்' எடுத்தார். கதை, குரோசாவாவின் 'செவன் சாமுராய்'. மறைக்கவும் இல்லை. அபயம் கேட்கும் கிரகத்துக்கு 'அகிர்' என்றே பெயர் வைத்தார்கள், அகிரா குரோசாவா நினைவாக. திரைக்கதை ஜான் சேல்ஸ். பின்னாளில் மதிக்கப்பட்ட டைரக்டர். செட் போட்ட இளைஞன் ஜேம்ஸ் கேமரூன். நாலு வருஷத்தில் அவன் 'டெர்மினேட்டர்' எடுத்தான். கார்மன் கஞ்சன்தான், ஆனால் அவர் கம்பெனி ஒரு பள்ளிக்கூடம். சம்பளம் குறைவு, பாடம் நிறைய.

அப்படியானால் எங்கே தப்பு நடந்தது?

ஸைஃபை சேனலுக்குச் சனிக்கிழமை ராத்திரிகளை நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு நல்ல தொடரின் ஒரே எபிசோடுக்கு ஆகும் செலவைவிடக் கம்மியாக ஒரு முழுப் படம் கிடைக்கிறதென்றால் எந்த மேனேஜர் வேண்டாம் என்பார்? கொசு மனிதன், ராட்சதச் சிலந்தி, பாதி சுறா பாதி ஆக்டோபஸ் என்று கொட்ட ஆரம்பித்தார்கள். 2009-ல் அசைலத்தின் 'மெகா ஷார்க் வெர்சஸ் ஜயன்ட் ஆக்டோபஸ்' ட்ரெய்லர் இன்டர்நெட்டில் காட்டுத் தீயாகப் பரவியது. கடலிலிருந்து எகிறிக் குதித்த சுறா, பறந்துகொண்டிருந்த பயணிகள் விமானத்தைக் கவ்வுகிறது. உலகம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவர்கள் சரியாகக் கவனித்தார்கள். ஏமாந்துபோய்ப் பார்ப்பவனைவிட, கேலி செய்வதற்கென்றே பார்ப்பவன் நல்ல கஸ்டமர். திட்ட மாட்டான், காசைத் திருப்பிக் கேட்க மாட்டான், நாலு சிநேகிதர்களையும் கூப்பிட்டுக் காட்டுவான்.

2013 ஜூலையில் அதன் உச்சம், 'ஷார்க்நேடோ'. சூறாவளி கடலிலிருந்து சுறாக்களை உறிஞ்சி லாஸ் ஏஞ்சலிஸ் மேல் பொழிகிறது. ஹீரோ மரம் அறுக்கும் மெஷினோடு சுறாவின் வாய்க்குள் பாய்ந்து, வயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறார். முதல் நாள் பார்த்தவர்கள் என்னவோ சுமார் 14 லட்சம் பேர்தான். ஆனால், ட்விட்டர் முழுக்க அதே பேச்சு. மறு ஒளிபரப்பில் கூட்டம் ஏறியது. வருஷத்துக்கு ஒன்றாக ஆறு பாகம் வந்தன.

நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன்? சிரிப்பில் பாவம் இல்லை. ஆனால், பழைய மட்டமான படங்களில் ஓர் அப்பாவித்தனம் இருந்தது. துருக்கியில் 1982-ல் ஒரு படம், 'ஸ்டார் வார்ஸ்' காட்சிகளையே அப்படியே வெட்டி ஒட்டி எடுத்தார்கள். சகிக்காது. ஆனால், அந்த ஹீரோ டிராம்போலினில் எகிறும்போது நிஜமாகவே உலகத்தைக் காப்பாற்றுவதாக நம்பிக்கொண்டு எகிறுகிறார். 'ஷார்க்நேடோ' எடுத்தவர்கள், 'தெரிஞ்சேதான் மட்டமா எடுத்திருக்கோம்' என்று முதல் ஃப்ரேமிலேயே கண்ணடிக்கிறார்கள். நீங்கள் என்ன விமர்சனம் வைத்தாலும் அது அவர்களுக்கு விளம்பரம்.

விஞ்ஞானக் கதைக்கு மூலதனம் ஒன்றே ஒன்றுதான். 'இப்படி நடந்தால்?' என்ற கேள்வியை ஒரு மணி நேரத்துக்கு நாம் சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் காதும் அட்டைப் பெட்டி ராக்கெட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை, கேள்வியை நம்பினால் மற்றதை மன்னித்துவிடுவோம். வாராவாரம் கண்ணடித்துப் பழக்கிய சேனலில், ஒருவர் திடீரென்று நெஞ்சில் கை வைத்துக் கேள்வி கேட்டால் எடுபடாது. வீட்டில் எப்போதும் ஜோக் அடிக்கும் சித்தப்பா ஒருநாள் நெஞ்சு வலி என்றால், முதல் ஐந்து நிமிடம் யாரும் நம்ப மாட்டோமே, அதுபோல.

2009 மார்ச்சில் ஒரே வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். 17-ம் தேதி நியூயார்க்கில் ஐ.நா. சபைத் தலைமையகத்தில் 'பேட்டில்ஸ்டார்' குழுவினரை உட்காரவைத்து மனித உரிமை, பயங்கரவாதம் பற்றிப் பேசினார்கள். ஒரு டி.வி. தொடருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா? 20-ம் தேதி தொடர் முடிந்தது. அதே வாரம்தான் சேனல் தன் பெயரை மாற்றப்போவதாக அறிவித்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ஸைஃபைதான். இங்கிலீஷில், சயன்ஸ் ஃபிக்‌ஷன் என்பதன் சுருக்கமாக இருந்ததை எடுத்துவிட்டு எஸ்-ஒய்-எஃப்-ஒய் என்று நியூமராலஜி பார்த்த மாதிரி மாற்றினார்கள். 'சைஃபை' என்கிற பொதுவார்த்தையை யாரும் ட்ரேட்மார்க் செய்ய முடியாது. புது ஸ்பெல்லிங்கைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஓசை மிச்சம், அர்த்தம் காலி. போலிஷ் மொழியில் அந்த ஸ்பெல்லிங்குக்கு அசிங்கமான அர்த்தம் இருந்ததால், போலந்தில் அந்த ஸ்பெல்லிங்கை வைக்கவில்லை. 2010-ல் அதே சேனலில் வெள்ளிக்கிழமை ராத்திரி மல்யுத்தம் நடந்தது.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். நல்ல தொடருக்குச் செலவு அதிகம், பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சேனல் திருந்தப் பார்க்கவும் செய்தது. 2015 கடைசியில் 'எக்ஸ்பேன்ஸ்' ஆரம்பித்தார்கள். புவியீர்ப்பு, தண்ணீர்ப் பஞ்சம், செவ்வாய் அரசியல் என்று சத்தான சரக்கு. ஆனால், சேனல் கையில் இருந்தது நேரடி ஒளிபரப்பு உரிமை மட்டும். ஜனங்களோ நினைத்த நேரத்தில் இன்டர்நெட்டில் பார்க்கப் பழகிவிட்டார்கள். 2018 மே மாதம் கைவிட்டார்கள். ரசிகர்கள் அமேசான் ஆபீஸ் மேல் பேனர் கட்டிய குட்டி விமானத்தைப் பறக்கவிட, அமேசான் தத்து எடுத்துக்கொண்டது. அதே ஆகஸ்ட்டில் ஸைஃபையில் 'ஷார்க்நேடோ' ஆறாம் பாகம்.

எக்ஸ்பேன்ஸும் பிழைத்தது, பின்னால் 'செவரன்ஸ்' மாதிரி அருமையான தொடர்களும் வந்தன. ஆகவே விஞ்ஞானக் கதை சாகவில்லை, வீடு மாறிவிட்டது. போனது வேறு ஒன்று. சேனல் திருப்பும்போது தற்செயலாக ஒரு பன்னிரண்டு வயதுப் பையனோ பெண்ணோ '33' மாதிரி ஒன்றில் தடுக்கி விழுந்து, ராத்திரி பூரா யோசித்துக்கொண்டிருக்கும் அந்த விபத்து. இப்போது மாதச் சந்தா கட்டி, பெயர் தெரிந்து, தேடிப் போகவேண்டும். தேடுகிறவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவன் கண்ணில் சுறாதான் படுகிறது.

ஒரு யோசனை. ஒரே ராத்திரியில் 'ஷார்க்நேடோ'வையும் '33'-ஐயும் அடுத்தடுத்துப் பாருங்கள். சுறா மழையை முதலில் பார்ப்பது நல்லது. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு உடனே தூங்கிப்போவீர்கள்.

தூங்கிப்போகாமல் இரண்டாவதையும் போட்டால், அந்தக் கப்பலைச் சுட்டது சரியா என்று விடிய விடிய வீட்டில் சண்டை நடக்கும்.