தோட்டப் பாட்டும் நகர மேடையும்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்கு இறங்கும் வீதியின் இருமருங்கும் முதலில் தேயிலையும் இறப்பருமே தோன்றும். மலை தாழத் தாழத் தோட்டங்கள் மறைந்து, உடவளவை நீர் பாயும் வயல்கள் விரியும். மேலே லயங்களின் முற்றத்தில் தப்பொலி. கீழே நகர மைதானத்து மேடைகளில் கிற்றார் ஒலி. பின்னையது அமெரிக்க இசைக்குழுக்களைப் பார்த்துச் செய்த போலி, வேரற்றது என்று கற்றோர் பலர் ஒதுக்குவர். முன்னையதையோ அவர்கள் இசையென்றே எண்ணுவதில்லை. இவ்விரு முடிபுகளும் பிழையானவை.

அமெரிக்க மெல்லிசைக்கு வேராய் அமைந்தவற்றுள் தலையாயது ஒரு தோட்டப் பாட்டேயாகும். மிசிசிப்பிப் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே வளர்ந்தது 'புளூஸ்' என்னும் பாட்டு. அங்கே ஸ்ரோவல் தோட்டத்தில் உழவு இயந்திரம் ஓட்டியவர் மடி வாட்டர்ஸ். 1941இல் அலன் லோமாக்ஸ் என்னும் ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு அத்தோட்டத்துக்கே சென்று அவர் குரலைப் பதிந்தார். 1943இல் அவர் சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தார். இரைச்சல் மிக்க மதுச்சாலைகளில் மரக் கிற்றார் எடுபடாமையால் மின் கிற்றார் அவர் கைக்கு வந்தது. 1950இல் வெளிவந்த அவரது இசைத்தட்டொன்றின் தலைப்பையே பின்னர் இலண்டன் இளைஞர் தம் குழுவுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டனர். 'ரோலிங் ஸ்ரோன்ஸ்' என்னும் அக்குழுவை அறியாதார் சிலரே.

சப்பிரகமுவையிலும் மின் கிற்றார் வீணாகவில்லை. 1966ஆம் ஆண்டளவில் இரத்தினபுரியில் முளைத்த 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அன்னெஸ்லி மாலேவனவும் அக்கருவிக்கு எளிய சிங்களப் பேச்சைப் பொருத்தினர். கருவி அயலது, சொல்லோ ஊரது. யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினமும் தம் பொப் பாடல்களில் ஊர்ப் பேச்சையே ஆண்டார். இவற்றின் இசைத்தரம் பற்றி வேறுபட்ட கருத்துக்கள் இருக்கலாம். வேரற்றவை என்பது மட்டும் பொருந்தாது.

அவ்வாறாயின் அதே மலைகளின் தமிழிசை மேடைக்கு வாராதொழிந்தது ஏன்? தப்பு எளிய கருவியன்று. தீயிற் காய்ச்சித் தோலை முறுக்கேற்றி, இரு குச்சிகளால் அடிக்கும்போது அடிக்கேற்பக் குரல் மாறும். விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியதும் அதுவே. மாசியில் காமன் கூத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் ஆட்ட அடி கொடுப்பதும் அதுவே. துரையின் ஆணையையும் தொழிலாளியின் கூத்தையும் ஒரே தோல் ஒலித்த இந்நிலை நாடகத்துக்கே உரிய முரணாகும். கங்காணியை எள்ளும் பாட்டும் ஒப்பாரியும் தாலாட்டும் அதனருகே வழங்கின.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. அவர் செய்தது பெரும்பணி. எனினும் அச்சில் ஏறியவை சொற்கள். மெட்டும் அடியும் ஏறவில்லை. தமிழ் நாட்டார் பாடலாய்வில் இது பொதுக்குறை. நம்மவர் பாடலை ஏட்டிலக்கியத்தின் ஏழை உறவாகக் கருதினரேயன்றி, இசையாகச் செவிகொடுத்தவர் அரியர். தப்படிப்போர்மீது சுமத்தப்பட்ட சாதி இழிவும் இதற்குக் காரணமென்பதை மறைத்தல் நேர்மையன்று. கோவில் வாயிலில் நாதஸ்வரத்துக்கு இடமளித்த கற்றோர், தப்பைச் சாவீட்டோடு நிறுத்தினர்.

மற்றைய காரணம் அரசியல். மடி வாட்டர்ஸ் சிக்காகோ சென்றது தம் விருப்பால். இலங்கைத் தோட்டத் தமிழரோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு பின்போடப்பட்டது. பாடுவோன் ஒரு கரையிலும் அடிப்போன் மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தபோது குழு எங்ஙனம் அமையும்? தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக் காட்டுக்கே சென்றனர். அங்கு அவர்களை எதிர்நோக்கியிருந்தது மற்றொரு லயம். சிக்காகோவின் மதுச்சாலையோ ஒலிப்பதிவுக் கூடமோ அன்று.