தரையில் கிடக்கும் வானம்

ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். 'ஈக்விவலன்ட்ஸ்' என்று அவர் பெயரிட்ட வரிசையில் பெரும்பாலான படங்களில் தொடுவானமே இல்லை. எது மேல், எது கீழ் என்று கண் தடுமாறும். புகைப்படத்தை வைத்து நிர்மாணக் கலை செய்யும் இன்றைய கலைஞர்கள் பலரும் அந்தத் தடுமாற்றத்தையே வெவ்வேறு விதமாக வளர்த்திருக்கிறார்கள். அவர்களில் வித்தையை மறைப்பவர்களைவிட, அதன் சூட்சுமத்தைத் திறந்து காட்டுபவர்களே என்னை ஈர்க்கிறார்கள்.

பெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸின் 'அபாரிசியோன்' (1991) வெறும் காகிதக் கட்டு. ஒவ்வொரு தாளிலும் அதே மேகப் படம். கட்டின் உயரம் 8 அங்குலம்; தரையில் இருக்கும். வருபவர்கள் ஆளுக்கொரு தாளைச் சுருட்டிக்கொண்டு போகலாம். குறைந்ததை மீண்டும் அச்சிட்டு நிரப்புவார்கள். அவருடைய துணைவர் ராஸ் எய்ட்ஸ் நோயால் இறந்ததும் அதே ஆண்டில்தான். இதை அறிந்தபின் அந்தத் தாளை எடுக்கக் கை சற்றுத் தயங்கும்.

பெனலபி அம்ப்ரிகோ 2006இல் ஃப்ளிக்கர் தளத்தில் சூரிய அஸ்தமனம் என்று தேடினார். 5,41,795 படங்கள் வந்தன. அவற்றிலிருந்து சூரியனை மட்டும் வெட்டியெடுத்து, கடைகளில் போடும் சாதாரண 4x6 பிரின்டுகளாக்கிச் சுவர் முழுக்க ஒட்டினார். கடலும் காதலர்களும் போய்விட, மிஞ்சியது மஞ்சள் வட்டங்கள். மலிவான காகிதம்தான், ஆனாலும் சுவர் தகிக்கிறது. பார்க்க வந்தவர்கள் அசல் அஸ்தமனத்தின் முன் நிற்பதுபோல் அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். அம்ப்ரிகோ அந்தப் படங்களையும் சேகரித்து இன்னொரு படைப்பாக்கிவிட்டார்!

நெதர்லாந்தின் பெர்ன்ட்நவுட் ஸ்மில்டே நீர்த்திவலையும் புகை இயந்திரமும் கொண்டு அறைக்குள் மேகம் செய்கிறார். சில நொடிகளில் அது கலைந்துவிடும். நமக்குக் கிடைப்பது படம் மட்டுமே. அழகுதான், ஆனால் கொஞ்சம் விளம்பரப் படத்தின் அழகு.

அபெலார்டோ மொரெல் எதிர்வழியில் போனவர். ஜன்னல்களைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி, சிறு துளை ஒன்றை மட்டும் விட்டார். வெளியுலகம் தலைகீழாகச் சுவரில் விழுந்தது. 1991இல் அவர் இதைத் தொடங்கியபோது ஒரு படத்துக்கு 8 மணி நேரம்கூட ஒளி வாங்க வேண்டியிருந்தது. ஸோயி லெனர்ட் 2014இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தையும் விலக்கிவிட்டு, இருட்டறைக்குள் பார்வையாளர்களையே விட்டார். மேடிசன் அவென்யூ அங்கே தலைகீழாக ஓடியது. ஃபிலிம் இல்லை, அச்சு இல்லை. இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

நியூயார்க்கில் அன்று அதைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்கு ஹம்பி இருக்கிறது. விருபாட்சர் கோயிலில் ஒரு துளை வழியே கோபுரத்தின் நிழல் தலைகீழாகச் சுவரில் விழுகிறது. வெயில் இருக்கும்போது போங்கள்.