இரண்டு தட்டு

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் அலுமினிய வீடான ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதன் பளபளப்பைத்தான் பேசுவார்கள். வெயிலில் நிறுத்திவைத்தால் பக்கத்து மரம், மேலே போகும் மேகம், கிட்டே வந்து எட்டிப் பார்ப்பவரின் மூக்கு எல்லாவற்றையும் வளைத்து வளைத்துக் காட்டும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாலிஷ் மெஷினும் தோள் வலியைத் தாங்கும் பொறுமையும் இருந்தால் யாருக்கும் கைகூடுகிற அழகு அது. அமெரிக்காவில் ஐம்பது, அறுபது வருஷப் பழைய டிரெய்லரை வாங்கி, உரித்துப் போட்டு, மறுபடி கட்டி, மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் எட்டாத பாலைவனத்துக்கு இழுத்துப் போய் நாள்கணக்கில் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கைவேலையின் நயம் பலகைக்கு அடியில் இருக்கிறது, தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது, ஆணியின் தலையில் இருக்கிறது. குனிந்து பார்க்கிறவருக்குத்தான் கிடைக்கும்.

இந்த வண்டியின் பூர்வீகம் விமானப் பட்டறை. லிண்ட்பர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த விமானம் கட்டப்பட்டபோது அந்த வேலையை மேற்பார்வையிட்டவர் ஹாலி போலஸ். கிளைடர்கள் செய்து பேர் வாங்கியவர். அவர் 1934-இல் அலுமினியத் தகட்டை ரிவிட் அடித்து ‘ரோட் சீஃப்’ என்றொரு டிரெய்லர் செய்தார். அதற்குக் கதவு முன்புறம். இழுவைக் கொக்கியின் மேலே காலை வைத்துத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போலஸின் தொழில் நொடித்த பிறகு ஏர்ஸ்ட்ரீமை நிறுவிய வாலி பையம் கிட்டத்தட்ட அதே வடிவத்தை எடுத்து, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936-இல் ‘கிளிப்பர்’ என்ற பெயரில் விற்றார். விலை 1,200 டாலர். சொந்தத் தண்ணீர்த் தொட்டி, மின்விளக்கு, உலர் பனிக்கட்டியை வைத்துக் குளிரூட்டும் ஏற்பாடு எல்லாம் அதில் இருந்தன. 1959-இல் 41 டிரெய்லர்களைக் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவில் இறக்கி, கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை இழுத்துச் சென்றார்கள். வழியில் எங்கே பிளக் பாயின்ட் இருந்தது?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய ஏர்ஸ்ட்ரீமில் சூரியத் தகடும் பேட்டரியும் வைப்பதைப் பார்த்து, புராதனப் பொருளைக் கெடுக்கிறார்கள் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வண்டி பிறந்ததே யாரையும் எதிர்பாராமல் வாழத்தான். மின் இணைப்பும் கழிவுநீர்க் குழாயும் உள்ள முகாம்கள் பெருகிய பிறகு வந்த சோம்பல் இடையில் ஒட்டிக்கொண்டது.

இனி ரிவிட்டுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த வண்டியில் பார்த்துப் பார்த்து ரசிக்க வேண்டியது அதுதான். வெளித்தகட்டை உள்ளேயிருக்கும் விலாச் சட்டங்களோடு பிணைக்கும் ரிவிட், உருளையான கெட்டி அலுமினியத் துண்டு. ஒரு பக்கம் மட்டும் தலை இருக்கும். இன்னொரு பக்கத் தலையை அடித்து உருவாக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றில் இயங்கும் ரிவிட் கன்னோடு நிற்பார். உள்ளே ஒருவர் ஓர் இரும்புக் கட்டியை ஆணியின் வால் முனையில் அழுத்திப் பிடித்திருப்பார். வெளியே கன் படபடவென்று அடிக்கும்போது, உள்ளே வால் நசுங்கி, பரந்து, சிறு பொத்தானாக உட்காரும். இருவருக்கும் நடுவே தகடு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்த இரைச்சலில் பேசினால் காதிலும் விழாது. அதனால் விமானப் பட்டறைகளில் ஒரு தட்டுப் பாஷை வைத்திருந்தார்கள். உள்ளேயிருப்பவர் ரிவிட்டை ஒருமுறை தட்டினால், இன்னும் அடி. இரண்டு தட்டு, சரியாக உட்கார்ந்துவிட்டது. மூன்று தட்டு, கெட்டுப்போயிற்று, பிடுங்கிவிட்டு வேறு போடு. தீர்ப்புச் சொல்கிறவர் வெளியே அடிக்கிறவர் இல்லை, உள்ளே பிடிக்கிறவர். ஒரு டிரெய்லரில் இப்படி ஆயிரக்கணக்கான ரிவிட்டுகள். நல்ல வேலை என்றால் தலைகளைச் சுற்றித் தகட்டில் பிறை வடிவ வடு இருக்காது. கன் ஒரு நூல் சாய்ந்தாலும் அந்தப் பிறை விழும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது வண்டியின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டினால் எந்த ரிவிட்டில் கை களைத்தது என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

உள்தகட்டைக் கழற்றாமல் வெளியே ஒரு ரிவிட் மாற்ற வேண்டியிருந்தால்? உள்ளே கட்டி பிடிக்க ஆள் போக முடியாது. அதற்கு ‘ஒலிம்பிக்’ என்றொரு ரிவிட் இருக்கிறது. வெளியிலிருந்தே செருகி இழுத்தால் உள்ளே மூன்று கால்களாக விரிந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் தலையின் நடுவில் இழுத்த தண்டின் மிச்சம் சின்ன முளையாக நிற்கும். கைதேர்ந்தவர் அதை அப்படியே விடமாட்டார். அதற்கென்றே இருக்கும் சீவுகருவியை வைத்து முளையைச் சீவி, தலையை உருண்டையாக்கி, 1960-களில் அடித்த பழைய ரிவிட்டின் பக்கத்தில் வித்தியாசம் தெரியாமல் உட்கார வைத்துவிடுவார். சீவும்போது கை கொஞ்சம் அதிகம் அழுத்தினால் பக்கத்துத் தகட்டில் வட்டக் கீறல் விழும். சீவாமலே விட்டாலும் பிடிமானத்துக்கு ஒரு குறையும் இல்லை. முழுக்க முழுக்கக் கண்ணுக்காகச் செய்யும் வேலை. அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இனி தரைப் பலகை. பழைய வண்டி வாங்கப் போகிறவர் பின்பக்கப் பம்பரின் மேல் ஏறி நின்று லேசாக உடம்பை அசைப்பார். பம்பரும் அலுமினியக் கூடும் சேர்ந்து அசைந்தால் நல்லது. பம்பர் மட்டும் தாழ்ந்து, கூடு அசையாமல் நின்று, நடுவில் இடைவெளி திறந்து மூடினால், உள்ளே பிளைவுட் மக்கிவிட்டது என்று பொருள். இந்த வண்டியில் தரைப் பலகையும் பாரம் தாங்கும் உறுப்பு. கீழே எஃகுச் சட்டம், மேலே அலுமினியக் கூட்டின் அடிவிளிம்பு, இரண்டுக்கும் நடுவே பிளைவுட், மூன்றையும் துளைத்துப் போல்ட். பின்பக்க மூடியோரம் கசியும் தண்ணீர் பலகையின் வெட்டுமுனையில் புகும். திரி எண்ணெயை இழுப்பதுபோல் வெட்டுமுனை தண்ணீரை இழுக்கும். பலகை போனால் போல்ட்டுக்குப் பிடி இல்லை.

எனவே துணிந்தவர்கள் கூட்டை முழுசாகத் தூக்கிவிடுகிறார்கள். சட்டத்தைச் சுரண்டித் துரு எடுத்து, தேவைப்பட்ட இடத்தில் வெல்டிங் வைத்து, புதிய பலகை போடுகிறார்கள். படகுக்குப் போடுகிற பிளைவுட்டுக்கு எபாக்ஸி பூசுவது எல்லாரும் செய்வது. நான் வியந்தது போல்ட் ஓட்டைகளை. தேவையான அளவைவிடப் பெரிதாகத் துளையிட்டு, அந்தத் துளையை எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளை போடுகிறார்கள். போல்ட் இனி மரத்தைத் தொடவே தொடாது. அதன் வழியாகத் தண்ணீர் இறங்கினாலும் பலகைக்குத் தெரியாது. படகு கட்டுகிறவர்களிடம் கற்ற வித்தை. மேலே தரைவிரிப்பு போட்டதும் யார் கண்ணிலும் படாது.

அலுமினியம் வெயிலுக்கு நீளும் உலோகம். ஆறு மீட்டர்க் கூடு, 50 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். பாலைவனத்தில் விடியற்காலைக் குளிருக்கும் நடுப்பகல் தகட்டுச் சூட்டுக்கும் அந்த வித்தியாசம் சாதாரணம். அதனால் தகடுகளின் இணைப்பில் இறுகிக் கல்லாகிற பசை உதவாது, கூடவே நீண்டு சுருங்கும் பாலியூரித்தேன் வேண்டும். சிலிகோனைப் பிதுக்கிவிட்டுப் போன முந்தைய உரிமையாளரைத் திட்டாத புதுப்பிப்பாளரே இல்லை. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் நகம் போய்விடும், அதன் மிச்சம் இருக்கிற இடத்தில் வேறெதுவும் ஒட்டாது.

பளபளப்பைக் குறைத்துப் பேசினேன், அதற்கும் நியாயம் செய்துவிடுகிறேன். அந்தக் காலத்துத் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர் கனம். நடுவில் தாமிரம் கலந்த உறுதியான கலப்புலோகம், இரு முகங்களிலும் சுத்த அலுமினியம் மெல்லிய படலமாக. ஒரு முகத்துப் படலம் மொத்தக் கனத்தில் 5 சதவீதம், அதாவது 0.04 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லியது. கண்ணாடியாக மின்னுவது அந்தப் படலம்தான், அரிப்பிலிருந்து காப்பதும் அதுவே. கீறலை எடுக்கிறேன் பேர்வழி என்று உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் படலம் கரைந்து உள்ளேயிருக்கும் உலோகம் தெரியும், பிறகு அந்த இடம் எந்நாளும் மங்கல்தான். ஆக, எங்கே கையை நிறுத்துவது என்று தெரிந்தவரின் பாலிஷ் வேறு ரகம். ஆலங்கட்டி விழுந்த ஒடுக்குகளைச் சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மின்சார விஷயத்தில் கணக்கே ஓர் அழகு. பழைய வண்டிகளின் 12 வோல்ட் விளக்குகளில் காரின் பிரேக் விளக்குக்குப் போடுகிற பல்புதான், ஒன்றுக்கு ஏறக்குறைய 27 வாட். நான்கு பல்பு நான்கு மணி நேரம் எரிந்தால் 430 வாட்-மணி தீரும். அதே விளக்குக் கிண்ணத்தில் 3 வாட் எல்.இ.டி. போட்டால் 48 போதும். பேட்டரியைப் பெரிதாக்கும் முன் பல்பை மாற்றுகிறவர் விவரம் தெரிந்தவர். இன்னும் விவரம் தெரிந்தவர் பழைய கண்ணாடி மூடியையும் அதன் சுவிட்சையும் வைத்துக்கொண்டு, மஞ்சள் சாயல் உள்ள எல்.இ.டி.யைத் தேடிப் போடுவார். வெள்ளை வெளிச்சம் விழுந்தால் அந்த மரப்பலகைகள் ஆஸ்பத்திரி அலமாரியாகிவிடும்.

100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கும், எடை பன்னிரண்டு கிலோ சொச்சம். அதே அளவு ஈயப் பேட்டரி முப்பது கிலோ வரை வரும், அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போகும். ஆனால் லித்தியத்துக்கு ஒரு வீம்பு உண்டு, பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. எனவே வெளியே கொக்கிமேல் இருந்த பேட்டரி உள்ளே சோபாவுக்கு அடியில் வருகிறது. வந்தால் எடைக் கணக்கு மாறும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அழுந்தினால்தான் வண்டி நெடுஞ்சாலையில் வாலாட்டாமல் வரும். பேட்டரி பின்னால் போனதை ஈடுகட்டத் தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுப் பார்ப்பார்கள்.

கூரையோ வளைவு. சூரியத் தகடுகளில் ஒன்று கிழக்குச் சரிவிலும் ஒன்று மேற்குச் சரிவிலும் அமர்ந்தால், காலையில் ஒன்று துள்ளும், மற்றது தூங்கும். இரண்டையும் தொடராக இணைத்தால் தூங்குவது துள்ளுவதை இழுத்துப் பிடிக்கும். தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வைப்பது ஒரு வழி. கூரையில் துளையே போடாமல், மடக்குத் தகடுகளைத் தரையில் விரித்து, நீளக் கேபிள் இழுப்பது இன்னொரு வழி. என் ஓட்டு இதற்குத்தான். வண்டி மர நிழலில் நிற்கலாம், தகடு வெயிலில் கிடக்கலாம். அரிசோனாவில் குவார்ட்சைட் பக்கம் பொது நிலங்களில் குளிர்காலத்தில் வந்து கூடுகிறவர்களுக்கு இது கைவந்த பழக்கம். அங்கே மரம் அதிகமில்லை என்பது வேறு விஷயம்.

தண்ணீருக்குக் காலால் மிதிக்கும் பம்ப் வைக்கிறார்கள், காலை எடுத்தால் தண்ணீர் நின்றுவிடும். கழிவறையில் சிறுநீரைத் தனியே பிரித்து, மற்றதைத் தென்னை நார்த்தூளில் புரட்டி உலர வைக்கிறார்கள். செங்கல் போல் அமுக்கி விற்கும் அந்தத் தூள் நமக்குப் பழக்கமான சரக்கு. பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளின் வாசலில் குவிந்து கிடப்பதுதான், இந்தியாவும் இலங்கையும் உலகத்துக்கு அனுப்புகின்றன.

கேஸில் ஓடிய பழைய குளிர்பெட்டிக்குச் சூடு வெளியேற வெளித்தகட்டில் ஒரு சன்னல் வெட்டியிருப்பார்கள். 12 வோல்ட் கம்ப்ரெஸர் குளிர்பெட்டிக்கு அது தேவையில்லை, அடைத்துவிட வேண்டும். இங்கே இரண்டு கட்சி. முழுத் தகட்டையும் கழற்றிப் புதிதாகப் போட்டு, ஓட்டை இருந்த அடையாளமே இல்லாமல் செய்கிறவர்கள் ஒரு பக்கம். ஒட்டுப் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம். நல்ல ஒட்டுக்கு மூலைகள் வளைவாக இருக்கும், கூர்மூலை இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். ரிவிட்டுகளின் இடைவெளி மூல வரிசையின் இடைவெளியோடு ஒத்துப்போகும், மேல்வரிசை பழைய வரிசையின் நீட்சியாகவே ஓடும். ஓரத்தை விரலால் தடவினால் நகம் மாட்டாது. நான் ஒட்டுக் கட்சி. முதல் கட்சிக்காரர்களோடு இதில் சமாதானம் ஆகப்போவதில்லை, அவர்களுக்கும் அது தெரியும்.