புள்ளியும் சில்லும்: கணித்தமிழ் விவாதங்களில் எழுத்து என்னும் கருத்து

இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் ஏலப்பாறை. இப்பெயரைத் தமிழில் எழுதினால் எழுத்து ஐந்து: ஏ, ல, ப், பா, றை. தொடக்கப்பள்ளி மாணவனும் இவ்வாறே எண்ணுவான். ஒருங்குறி முறையில் இயங்கும் கணினியோ இதே பெயரில் 8 குறிகளைக் காண்கிறது. பகர மெய்யை அது பகரமும் புள்ளியுமாகப் பிரிக்கிறது. பா என்பதைப் பகரமும் காலுமாக, றை என்பதை றகரமும் ஐகாரக் குறியுமாகக் கொள்கிறது. அதற்கு முன் வழங்கிய திஸ்கி முறையில் குறிகள் 7. தமிழக அரசு 2010இல் ஏற்ற டேஸ்-16 முறையில் 5. ஓர் ஊர்ப்பெயருக்கு இத்தனை கணக்குகள் எவ்வாறு வந்தன, இவற்றுள் எது தமிழின் கணக்கு என்னும் வினாக்களின்மீது கணித்தமிழ் ஆர்வலர்கள் இணையக் குழுக்களிலும் மாநாடுகளிலும் 1997 தொடங்கிப் பல்லாண்டுகள் வழக்காடினர்.

இவ்வழக்கைப் பொறியாளர்களின் உட்பூசல் எனக் கருதித் தமிழ்த்துறைகள் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன. அங்கு விவாதிக்கப்பட்டதோ எழுத்ததிகாரத்தின் முதல் வினா: எழுத்து என்பது யாது? அவ்வாதங்களை இலக்கண உரைமரபின் வரிசையில் வைத்துப் படித்து, அவற்றின் வலிமையையும் வழுவையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கின் வரலாறு சுருக்கமானது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய மொழிகளுக்கெனத் தேவநாகரியை அடியொற்றி அமைந்த இஸ்கி முறையின் சட்டகத்தைத் தமிழுக்கும் கொண்டது. 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன, அவற்றுட் பல வெற்றிடங்கள். 1997இல் நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழ்இணைய மாநாடு கூடியது. கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் முதலியோர் பங்குகொண்ட இணையக் கலந்துரையாடலில் திஸ்கி உருவாயிற்று. 1999இல் சென்னை மாநாட்டின் வழியாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் இரு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. 2010 சூன் மாதம் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியைத் தரமாகவும் டேஸ்-16 முறையை மாற்றாகவும் அரசு ஏற்றது.

ஒருங்குறியை மறுத்தோர் முன்வைத்த வாதங்கள் மூன்று தளங்களில் அமைந்தன. முதலாவது இடச் செலவு. இணையப் பக்கங்களில் பெருவழக்கான யூடிஎப்-8 வடிவில் ஏலப்பாறை என்னும் பெயர் 24 பைட்டுகளைக் கொள்ளும். திஸ்கியில் ஏழே போதும். இரண்டாவது அகர வரிசை. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ழகரம் ளகரத்தின் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. யரலவழளறன என்னும் நம் வைப்புமுறை அங்கு இல்லை. மூன்றாவது இலக்கணம். மெய்யெழுத்துத் தமிழின் முதலெழுத்தாக இருக்க, அதற்குத் தனி எண் தராமல், அகரம் ஏறிய மெய்யை அடிப்படையாக்கிப் புள்ளியை ஒட்டுக்குறியாக்கியது பிழை என்பது இவ்வாதம்.

இம்மூன்றனுள் முதலிரண்டும் காலத்தால் தேய்ந்தன. வரிசைப்படுத்துதல் குறிகளின் எண்களைச் சார்ந்ததன்று, அதற்கெனத் தனி விதித்தொகுதி உண்டு என்னும் விடை நெறிமுறையிலேயே இருந்தது. நினைவகத்தின் விலை ஆண்டுதோறும் சரிந்தது. விண்டோஸ் 2000 தொடங்கி இயங்குதளங்களே தமிழ் ஒருங்குறியைச் சேர்த்துக் காட்டலாயின. எனினும் வழக்குத் தணியவில்லை. இடச்செலவும் வரிசையும் தீர்ந்த பின்னும் வாதம் அதே சூட்டோடு தொடர்ந்தமையால், அவை வாதத்தின் உண்மைக் காரணங்கள் அல்ல என்பது பெறப்படும். உண்மைக் காரணம் மூன்றாவது தளத்தில் இருந்தது. அதனை வெளிப்படையாகச் சொன்னால் பன்னாட்டுக் குழு செவிமடுக்காது என எண்ணிப் பைட்டுக் கணக்கை முன்னிறுத்தியது தந்திரமாக இருக்கலாம். ஆயின் அத்தந்திரமே வழக்கை நலிவித்தது. பைட்டுக் கணக்குக்குப் பைட்டுக் கணக்கே விடையாக வந்தது. இலக்கண வினாவுக்கு இலக்கண விடை எவரும் தரவில்லை.

அவ்வினாவை இலக்கணத்தின் துணைகொண்டே ஆராயலாம். டேஸ்-16 சார்பினர் தம் தரப்புக்கு அரணாகக் கொண்ட எண் 247. ஆனால் இவ்வெண் எண்சுவடியின் எண்ணே அன்றித் தொல்காப்பியத்தின் எண் அன்று. தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது, சார்ந்து வருவன மூன்று என்றார். உயிர்மெய்யை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. நன்னூலார் உயிர்மெய்யையும் சார்பெழுத்துள் அடக்கி அதன் விரியை 369 என்றார். ஆகவே 'இலக்கணப்படி 247' என்னும் கூற்று எந்த இலக்கணப்படி என்ற கேள்விக்கு விடை தர வேண்டியுள்ளது. தொல்காப்பியத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுசெல்வதாயின் உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என 31 எண்கள் போதும். உயிர்மெய் அனைத்தும் மெய்யும் உயிரும் கூடிய கூட்டாக அமையும். டேஸ்-16 இக்கூட்டலைத் தன் எண்ணமைப்பில் ஓரளவு பேணியது என்பதையும் சொல்லவேண்டும்: ஒரு மெய்யின் எண்ணோடு உயிரின் வரிசை எண்ணைக் கூட்டினால் உயிர்மெய்யின் எண் கிடைக்கும். அம்முறையின் அழகான கூறு இதுவே. அதன் ஆதரவாளர்கள் இதனை வலியுறுத்தியதைவிட 247 என்னும் எண்ணையே மிகுதியாக வலியுறுத்தினர் என்பது வியப்புக்குரியது.

எதிர்த்தரப்புக்கும் தொல்காப்பியத்தில் இடம் உண்டு என்பது பலரும் கவனியாத செய்தி. நூன்மரபில் மெய்யின் இயல்பு புள்ளியொடு நிற்றல் எனக் கூறும் ஆசிரியர், அடுத்தே, புள்ளி நீங்கிய மெய் தன் உருவு திரியாமல் அகரத்தொடு ஒலிக்கும் என்றும், ஏனை உயிர்களொடு கூடுங்கால் உருவு திரியும் என்றும் வகுக்கிறார். முன்னையது மெய்யின் இயல்பை நிறுவுவது. பின்னையது அதன் வரிவடிவம் உயிரேறும்போது பெறும் நிலையைச் சொல்வது. 'க' என்னும் வடிவை அடியாக வைத்துப் புள்ளியையும் காலையும் கொம்பையும் ஒட்டும் ஒருங்குறி, வரிவடிவம் பற்றிய கூற்றுக்கு முரண்பட்டதன்று. ஒலியெழுத்தைப் பற்றிய விதியைக் கொண்டு வரியெழுத்தின் சேமிப்பைத் தாக்கியதும், வரியெழுத்தின் வசதியைக் கொண்டு ஒலியெழுத்தின் விதியைப் புறக்கணித்ததும் இருதரப்பின் பொதுவான வழு எனலாம். உரையாசிரியர்களைப் பயின்ற ஒருவர் அவையில் இருந்திருப்பின் முதல்நாளே சுட்டியிருக்கக்கூடிய வேறுபாடு இது.

மலையின் மறுமொழி

ஏலப்பாறையின் பெயர்ப்பலகையில் தமிழும் மலையாளமும் சேர்ந்து வரும்போது வழக்கின் மற்றொரு பக்கம் புலப்படுகிறது. அண்மையிலுள்ள வாகமண் என்னும் ஊர்ப்பெயரின் இறுதி மெய்யை மலையாளம் புள்ளியிட்டு எழுதுவதில்லை; ணகரத்துக்கு வால் நீட்டிய தனி வடிவால் எழுதுகிறது. இவ்வடிவுக்குச் சில்லு என்பது பெயர். பீர்மேடு என்னும் பெயரின் இறுதியிலோ டகரத்தின்மேல் சந்திரக்கலை என்னும் பிறைக்குறி வரும். அக்குறி அங்கு மெய்யைக் குறிப்பதன்று. நாம் குற்றியலுகரம் என்பதை அவர்கள் சம்விருதோகாரம் என்பர், அதனைக் குறிப்பது. ஒரே பிறைக்குறி மெய்யையும் குறுகிய உகரத்தையும் குறிக்க வேண்டியிருந்தமையால் தூய மெய்க்குத் தனி வடிவம் மலையாளத்தில் பயனுடையதாயிற்று. தமிழ்ப் புள்ளிக்கு இவ்விரட்டைச் சுமை இல்லை.

இச்சில்லெழுத்துகளுக்குத் தனி எண் வேண்டுமா என்பது மலையாளக் கணினிக் குழுக்களின் நெடும்போர். 2008க்கு முன் வாகமண்ணின் ஈற்றெழுத்து ணகரம், சந்திரக்கலை, கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக்குறி என மூன்று குறிகளால் அமைந்தது. தனி எண் வேண்டியோர் ஒரு சொல்லிணையைத் திரும்பத்திரும்பக் காட்டினர்: பெரிய திரை என்று பொருள்படும் 'வன்யவனிக' ஒன்று, காட்டுப்பெண் என்று பொருள்படும் 'வன்யவனிக' மற்றொன்று. முன்னதில் சில்லு, பின்னதில் கூட்டெழுத்து. கண்ணுக்குத் தெரியாத குறி விடுபட்டால் திரை காட்டுப்பெண்ணாகிவிடும். 2002இல் தோன்றிய சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் கட்டற்ற மென்பொருள் குழுவினர் இதனை மறுத்தனர். சில்லு என்பது மெய்யின் வடிவ வேறுபாடே, தனி எழுத்தன்று. ஒரே தோற்றமுள்ள சொல்லுக்கு இரு எண்தொடர்கள் அமைந்தால் தேடலும் கெடும், இணைய முகவரிகளில் ஏமாற்றுக்கும் இடமாகும் என்பது அவர்தம் வாதம். ஒருங்குறி 5.1 பதிப்பு 2008இல் தனி எண்களை வழங்கியது. பழைய தொடர்களும் நீக்கப்படவில்லை. ஆகவே வாகமண் என்னும் பெயர் மலையாளத்தில் இருவகையாகச் சேமிக்கப்படலாம். பார்வைக்கு வேறுபாடு தோன்றாது.

இங்கு நோக்கத்தக்கது விடைகளின் தலைகீழ்மை. தமிழில் மொழிப்பற்று மிக்க தரப்பு, தூய மெய்க்குத் தனி எண் வேண்டும் என்றது. மலையாளத்தில் மொழிப்பற்று மிக்க தரப்பு, அது வேண்டா என்றது. இருசாராரும் மொழியின் இயல்பையே சான்றாகக் காட்டினர். எனினும் சான்று காட்டிய முறையில் வேறுபாடு உண்டு. மலையாள வாதம் சொல்லிணைகளாலும், இச்சில்லு ரகரத்தினதா றகரத்தினதா என்பன போன்ற ஆய்வுகளாலும் நடந்தது. தமிழ் வாதம் எண்ணிக்கையாலும் உரிமை முழக்கத்தாலும் நடந்தது. தமிழில் புள்ளி விடுபட்டால் பொருள் மாறும் சொல்லிணைகளுக்குப் பஞ்சமில்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளியின்றி எழுதிய வழக்கும், அதனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடும் யாவரும் அறிந்தவை. அவை ஏன் அவைக்கு வரவில்லை? அவற்றை அறிந்தவர்கள் அங்கு இல்லாமையே காரணம்.

வாதத்தின் நடை

கடுஞ்சொல் தமிழ் மறுப்பு மரபுக்குப் புதிதன்று. சிவஞான முனிவர் இலக்கண விளக்கத்தை மறுத்தெழுதிய நூலுக்கு இட்ட பெயரே 'இலக்கண விளக்கச் சூறாவளி'. ஆயினும் அந்நூலில் சூறாவளி நூற்பா நூற்பாவாகச் செல்கிறது; எதிராளியின் கூற்றை எடுத்துக்கொண்டே அதனை வீழ்த்துகிறது. கணித்தமிழ் விவாதங்களில் எதிராளியின் கூற்று இடம்பெறுமுன் அவருடைய நோக்கம் ஆராயப்பட்டது. 2010இல் கிரந்த எழுத்துக்கு ஒருங்குறியில் இடம் கோரும் முன்மொழிவுகள் எழுந்தபோது இந்நிலை உச்சம் அடைந்தது. எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்தையும் கிரந்தத் தொகுதியில் சேர்க்கும் கருத்தைக் குறித்து எழுந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. தமிழ் எழுத்தின் எல்லை பற்றிய நேர்மையான வினா அதனுள் இருந்தது. 2014 சூனில் வெளியான 7.0 பதிப்பில் கிரந்தம் தனித் தொகுதியாக, அவ்வைந்து எழுத்துகளும் இன்றியே இடம்பெற்றது. இம்முடிவை எதிர்ப்பின் வெற்றி என ஒரு தரப்பும் எதிர்ப்பு தேவையற்றது என்பதற்குச் சான்றென மறுதரப்பும் கொள்ளலாம். வாதத்தின்போது ஏசப்பட்டவை ஆட்களின் பெயர்களே என்பதால், எந்தக் காரணம் எவரை மாற்றியது என்பதை இன்று அவ்வுரைகளைப் படிப்பவர் பிரித்தறிதல் அரிது.

யாப்பறிந்தோர்க்கு இவ்வழக்கில் ஒரு சிறு பயன் உண்டு. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி எழுத்துப் பதினாறு, நிரையசையில் தொடங்குவதற்குப் பதினேழு. கணினி தரும் குறிக்கணக்கு இதற்கு உதவாது. ஆயின் ஒட்டுக்குறிகளை எண்ணாமல், புள்ளி பெற்ற மெய்களையும் தள்ளி எண்ணும்படி ஒரு விதி எழுதினால் போதும். ஒருங்குறியிலும் சரியான எண் கிடைக்கும். டேஸ்-16இலும் மெய்களைத் தள்ள ஒரு விதி எழுதத்தான் வேண்டும். க் முதலிய மெய்களையும் உயிர்மெய்களையும் ஒருங்குறி பின்னர்ப் பெயரிட்ட தொடர்களாகப் பட்டியலிட்டது. தமிழ் மெய்க்கு அங்கு பெயர் உண்டு, தனி எண் இல்லை.

டேஸ்-16இன் எண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தவை. அப்பகுதிக்குப் பொதுப்பொருள் கிடையாது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெற்றுக் கட்டங்களாகும். அரசாணை செல்லும் எல்லைக்குள் இக்குறை தாங்கத்தக்கது. 1956 மாநிலச் சீரமைப்பில் பீர்மேடு கேரளத்தில் அமைந்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. ஏலப்பாறைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் அவ்வுரிமையின்படி தமிழில் ஒரு மனுவைக் கணினியில் எழுதினால், அதைத் திறக்கும் அலுவலகத்துக்குச் சென்னையின் ஆணை பொருந்தாது. அவருடைய ஊர்ப்பெயரின் ஐந்து எழுத்துகளும் அங்கு போய்ச் சேர்வது 8 குறிகளாகவே.