ஒருமையின் உரிமை

தாமிரபரணிப் பாசனத்தில் அமைந்த பத்தமடையை நாம் பெரும்பாலும் கோரைப் பாயால் அறிவோம். 1887-இல் அவ்வூரில் பிறந்த சுவாமி சிவானந்தர் மலாயாவில் மருத்துவராய்ப் பணியாற்றி, பின் ரிஷிகேசத்தில் துறவியாய் வாழ்ந்தவர். இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினார். தமிழர் ஒருவரின் ஆங்கிலத்தைத் தமிழாக்குவது எளிதெனத் தோன்றலாம். ஆயின் உண்மை வேறு.

தொண்டு செய், அன்பு செய், ஈகை செய், தூய்மையுறு, தியானம் செய், மெய்யுணர் எனும் ஆறு ஏவல்களில் அவர் தம் போதனையைச் சுருக்கினார். ஆங்கில ஏவல், கேட்பவர் ஒருவரா பலரா, சிறியவரா பெரியவரா எனக் காட்டுவதில்லை. தமிழோ காட்டாமல் விடாது. ஆங்கிலத்திலிருந்து பொஸ்னிய மொழிக்குப் பெயர்ப்பவருக்கும் இதே இடர்தான். அங்கும் நெருக்கத்திற்கு ‘தி’, மரியாதைக்கு ‘வி’ என இரண்டு உண்டு.

இவ்விடரைத் தவிர்க்க, ‘தொண்டு, அன்பு, ஈகை’ எனப் பெயர்ச்சொற்களாக்கினால் கட்டளை மறைந்து பட்டியலே எஞ்சும். ‘செய்யுங்கள்’ என்றால் மரியாதை காக்கப்படும். ஆனால் அது கூட்டத்திற்குச் சொன்னதாகி, தனி மனிதர் ஒளிந்துகொள்ள இடம் தரும். ஔவையின் ஆத்திசூடி ஒருமையில்தான் ஏவுகிறது. பத்துக் கட்டளைகளும் நம் விவிலியத்தில் ஒருமையிலேயே ஒலிக்கின்றன. செபத்தில் நாம் இறைவனை ‘நீர்’ என்கிறோம். அவரோ நம்மை ‘நீ’ என்றே அழைக்கிறார். அதை நாம் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

எனவே, அறவுரையை மொழிபெயர்ப்போர் மரியாதை கருதி ஒருமையைக் கைவிடலாகாது என்பதே நம் துணிபு. ‘நீ’ என்று கேட்கும்போதுதான் நம் மனச்சான்று தனக்கே சொல்லப்பட்டதென உணர்ந்து விடை கூற முற்படுகிறது.